கருமான் பட்டறைக்கு மேற்கு

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் ஊர்க் கருமானின் பேரன் நங்கநல்லூரில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர்; நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தார். காபியைத் தொடாமலே விஷயத்துக்கு வந்தார். "அண்ணா, உங்க தாத்தா மனை வாங்கின பழைய பத்திரம் இருக்குமே, அது கிடைக்குமா? அதுல எங்க பட்டறை பேர் இருக்குன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு." சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். பட்டறை நிற்கும் இடம் புறம்போக்கு. எத்தனை காலமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு எழுத்துச் சான்று கொண்டு வரும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவரிடம் இருப்பவற்றில் மிகப் பழைய தாள் 1986ஆம் ஆண்டின் மின் இணைப்பு அட்டை. அதற்கு முந்தைய தலைமுறைகள் அந்த மண்ணில் கரியையும் இரும்பையும் உழைப்பையும் செலவழித்தனவே தவிர, ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்த்து வைக்கவில்லை.

அன்று மாலையே பெட்டியைத் திறந்து தேடினேன். 1957இல் என் தாத்தா எழுதி வாங்கிய கிரயப் பத்திரம் பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து, மஞ்சள் துணியில் சுற்றியபடி கிடைத்தது. சொத்து விவரத்தின் கீழே நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தி இப்படித் தொடங்குகிறது: "கருமான் பட்டறைக்கு மேற்கு, ஏரிப் பாசனக் கால்வாய்க்கு வடக்கு." மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதே துணிக்குள் இன்னொரு தாளும் இருந்தது. 1984இல் தாத்தா காலமான பிறகு என் தந்தையும் சிற்றப்பாக்களும் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவு அது. அதே மனை, அதே நான்கு எல்லைகள். கிழக்கு எல்லைக்கு மட்டும் வேறு வாசகம்: "அரசுப் புறம்போக்குக்கு மேற்கு." இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் ஒரு பட்டறை எழுத்திலிருந்து மறைந்திருந்தது. அந்த வரைவில் இருந்தது என் கையெழுத்து.

அந்த இரண்டு தாள்களும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

இருட்டு வேண்டிய தொழில்

எங்கள் ஊர் தாம்பரத்துக்குக் கிழக்கே, இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஏரியின் பெயரை மட்டும் பேருந்து நிறுத்தமாக வைத்துக்கொண்டிருக்கும் ஊர்களில் ஒன்று. என் சிறுவயதில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. ஏரிக்கரைக்கு இறங்கும் பாதையில், பூவரச மரத்தடியில் பட்டறை இருந்தது. பனையோலைக் கூரை மிகவும் தாழ்ந்திருக்கும். பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நண்பகலிலும் இருட்டு. வசதியின்மையால் அப்படி இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அந்த இருட்டும் ஒரு கருவி என்பது பின்னாளில்தான் புரிந்தது. காய்ந்த இரும்பின் சூட்டைக் கருமான் கண்ணால் அளக்கிறார். மங்கிய சிவப்பு, செக்கச் சிவப்பு, செம்மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று நிறம் ஏற ஏற அந்த இரும்பை வளைக்கலாமா, நீட்டலாமா, இன்னோர் இரும்போடு ஒட்டலாமா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வெயில் விழுகிற இடத்தில் இந்த நிறங்கள் வெளிறிப் போய்விடும்.

அவரை நாங்கள் ஆசாரித் தாத்தா என்று அழைத்தோம். அவர் சிறு சுத்தியலால் எந்த இடத்தில் தட்டுகிறாரோ அந்த இடத்தில் மூத்த மகன் சம்மட்டியை இறக்குவார். சுத்தியல் இரும்பை விட்டு, அதன் அடியில் இருக்கும் பட்டடையைத் தட்டினால் நிறுத்து என்று பொருள். ஒரு சொல்லும் பேசாமல் நாள் முழுவதும் இந்த உரையாடல் நடக்கும். காற்று கொடுப்பது அவருடைய மனைவியின் வேலை. தோல் துருத்தி கிழிந்துபோன பிறகு சைக்கிள் சக்கரத்தில் வார் மாட்டிச் சுழற்றும் காற்றாடியை வைத்துக்கொண்டார்கள். ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டே மறுகையால் கரியை ஒதுக்குவார். ஊரில் எல்லோரும் ஆசாரியின் கைவண்ணத்தைப் புகழ்ந்தார்கள். உலையின் சூட்டைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்த அந்த அம்மாளின் கையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தோய்ச்சல்தான் அந்தத் தொழிலின் உயிர். அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் அலகு கண்ணாடியைப் போலக் கெட்டியாகும். கண்ணாடியைப் போலவே உடைந்தும் போகும். ஆகவே விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி, அந்த விளிம்பில் நிறம் படர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். ஏறத்தாழ 200 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குள் நடந்து முடிந்துவிடுகிற இந்த வரிசையில் அரிவாளுக்கு ஓரிடத்திலும் கல்லுளிக்கு வேறோரிடத்திலும் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு மூச்சு நேரம் தாமதித்தால் பதம் தவறிவிடும்.

கல்லுளியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கிராமத்துக் கொல்லன் என்றால் கொழுவும் மண்வெட்டியும் மட்டுமே நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் அப்படியல்ல. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் பக்கத்துப் பாறை சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லே போனது. அதனால்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். அந்தக் கல் உளியை ஒரே நாளில் மழுக்கிவிடும். கல்லுடைக்கும் தொழிலாளர்கள் மாலையில் மழுங்கிய உளிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, விடியற்காலையில் கூர் ஏற்றியதை எடுத்துப் போவார்கள். உழவு இல்லாத கோடையிலும் உலை அணையாமல் இருந்தது அவர்களால்தான். பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கல்லே கருவியாக இருந்த அதே நிலத்தில், கல்லை உடைக்க இரும்பைக் கூராக்கிக்கொண்டிருந்தார் எங்கள் ஆசாரி.

எனக்கு இன்றும் கண்ணை விட்டு அகலாதது வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் நாள். கொத்தவால் சாவடிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகள் எங்கள் ஊரில் பல இருந்தன. தச்சர் செய்து கொடுத்த சக்கரத்தைக் கயிற்றால் சுற்றளந்து, இரும்புப் பட்டையை வேண்டுமென்றே ஒரு விரல் குறைவாக வளைத்து ஒட்டுவார். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். 5 அடி விட்டமுள்ள பட்டை 500 டிகிரி சூடேறினால் சுற்றளவில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் நீள்கிறது என்று கல்லூரியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அவர் குறைத்த அந்த ஒரு விரல் அந்தக் கணக்குக்குள் சரியாக அடங்கியது. நான்கு பேர் குறடுகளால் பட்டையைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இறுகும் சத்தம் சடசடவென்று கேட்கும். தெருவே அங்கே நிற்கும்.

ஏழூருக்கு ஓர் உலை

அந்தப் பட்டறை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. சுற்றியிருந்த ஐந்தாறு சிற்றூர்களுக்கும் அதுதான் பட்டறை. இந்த ஏற்பாட்டின் பழமையை எனக்கு உணர்த்தியது குறுந்தொகையின் 172ஆம் பாடல். கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. பிரிவில் வருந்தும் நெஞ்சை, "ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்" என்கிறார். ஏழு ஊர்களின் வேலைக்கு ஒரே ஊரில் வைத்த துருத்தி ஓய்வில்லாமல் மிதிபடுவதுபோல, எல்லை தெரியாமல் நெஞ்சு வருந்துகிறதாம். காஞ்சியின் பெயரைத் தாங்கிய ஒரு புலவர் காதல் துயரைச் சொல்லத் தேடியபோது, கைக்கு எட்டிய உவமை ஒரு பொதுப் பட்டறை. எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் ஒரு நாள் வண்டிப் பயணம். நான் அந்த வரிகளைப் படித்த இடத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொதுவினைக்கு ஊதியமும் பொதுவிலிருந்தே வந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த அளவைக்காக ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளும் எஞ்சியிருக்கின்றன. களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் உழவருக்கும் பிரிப்பதற்கு முன்பும் பின்பும், கோயில், ஏரி, காவல், கணக்கு, தச்சர், கருமான், வண்ணார், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு ஒதுக்கியதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. அந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். என் தாத்தா அந்தச் சொல்லை நாள்தோறும் பயன்படுத்தினார். ஆண்டு முழுவதும் கொழு காய்ச்சி அடிப்பதற்கும் அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதற்கும் காசு கிடையாது, அறுவடையில் மேரை. புதிய இரும்பு போட்டால் மட்டும் அதற்குத் தனிக் காசு.

மேரை என்ற சொல்லுக்கு எல்லை என்றும் ஒரு பொருள் உண்டு. பத்திரத்தின் சக்குபந்தியில் எல்லையாக நின்ற மனிதருக்குக் களத்துமேட்டில் இருந்ததும் மேரைதான் என்று தோன்றியபோது, இரண்டு தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இந்த ஏற்பாட்டை நான் புகழவில்லை. ஏரி வறண்ட ஆண்டில் கருமானின் வீட்டிலும் பானை வறண்டது. மகன் வேறு தொழிலுக்குப் போக நினைத்தால் ஊர் முகம் சுளித்தது. மூத்த மகன் 1970களின் பிற்பகுதியில் பெரம்பூர் ரயில்வே பட்டறையின் உலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எட்டு மணி நேர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம் ஆகிய மூன்றும் அந்தக் குடும்பத்துக்கு முதல்முறையாகக் கிடைத்தன. 1856இல் தொடங்கிய அந்தப் பட்டறை இப்படி எத்தனையோ ஊர்களின் சம்மட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, அது நல்லதுக்கே. ஆனால் கொல்லுப்பட்டறைகள் அழிந்ததற்கு இயந்திரம்தான் காரணம் என்று எழுதுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆலையில் செய்த மண்வெட்டியும் கடப்பாரையும் என் தாத்தாவின் இளமையிலேயே பிராட்வே கடைகளில் கிடைத்தன. அவற்றுக்கும் காம்பு பொருத்தவும் கூர் ஏற்றவும் ஆசாரியிடமே போனார்கள். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய லாரி வில்பட்டையை வெட்டி அவர் செய்த அரிவாள், கடையில் வாங்கியதை விடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைத்தது. இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்கத் தெரிந்த தொழில் அது. அது உடைந்த இடம் வேறு. அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன்.

களத்துமேட்டில் ஒரு நாள்

1978ஆம் ஆண்டின் தை மாதம். எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தைய ஆவணியில் தாத்தா கால்வாய்க்குத் தெற்கே இருந்த நிலத்தை மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு விற்றிருந்தார். வரப்புகளை மட்டம் தட்டி, எண் எழுதிய கற்களை நட்டிருந்தார்கள். அந்த ஆண்டு எங்களுக்கு அறுவடை இல்லை. அறுவடை இல்லை என்பது ஆசாரித் தாத்தாவுக்கும் தெரியும்; அந்த நிலத்தை நாள்தோறும் தாண்டித்தான் அவர் பட்டறைக்குப் போனார். இருந்தும் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில், வழக்கம்போலத் துவைத்த வேட்டி கட்டி, மடித்த கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் களத்துமேட்டுக்கு வந்து நின்றார். களம் சாணம் மெழுகாமல் கிடந்தது. நெருஞ்சி முளைத்திருந்தது.

தாத்தா வெளியே வந்து பார்த்தார். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாத்தா உள்ளே போய்ப் பணத்தோடு திரும்பி வந்தார். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மேரை நெல்லின் விலையை விடக் கூடுதலாகத்தான் இருக்கும், தாத்தா கையைச் சுருக்கிக் கொடுக்கிறவர் அல்லர். "ஆசாரி, இந்த வருஷத்து மேரைக்கு இத வெச்சிக்கோ" என்றார். ஆசாரித் தாத்தா பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை. "இது கூலிங்க ஐயா. மேரைன்னு சொல்லாதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இரும்பின் தரத்தைச் சொல்கிற தொனியில் சொன்னார். காலிக் கோணியை மறுபடி நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பத்து வயதில் அந்த வாக்கியம் எனக்கு விளங்கவில்லை. இரண்டும் கொடுப்பதுதானே என்று நினைத்தேன். இப்போது அதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. கூலி செய்த வேலைக்குக் கொடுப்பது. கொடுத்த நொடியில் கணக்கு முடிகிறது. மேரை, விளைச்சலில் ஒருவருக்கு உள்ள பாத்தியதை. அதைக் கொடுக்கும்வரை இந்த ஊரில் இவருக்கு இடம் உண்டு என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. புறம்போக்கில் பட்டா இல்லாமல் தலைமுறைகளாகப் பட்டறை நின்றதற்கு அதுதான் பட்டா. களம் போனதும் அந்தப் பட்டாவும் போயிற்று. வெல்டிங் இயந்திரம் ஊருக்குள் வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

எழுதிய கை

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. மனைகளில் வீடுகள் எழுந்தன. கொழு வேண்டாம், ஜன்னல் கம்பி வேண்டும் என்றார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் புகையைப் பற்றியும் சம்மட்டிச் சத்தத்தைப் பற்றியும் குறைப்பட்டார்கள். ஆசாரித் தாத்தா 1985இல் இறந்தார். இளைய மகன் மறு ஆண்டே மின் இணைப்பு வாங்கிக் கூரையைத் தகரமாக்கி, கேட்டும் கிரில்லும் செய்யத் தொடங்கினார். இந்தப் பேரன் அவருடைய மகன்.

ஆசாரித் தாத்தா இறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் எங்கள் பாகப்பிரிவினை. எனக்குப் பதினாறு வயது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பத்திர எழுத்தரிடம் கொடுப்பதற்கான வரைவை என்னை எழுதச் சொன்னார்கள். தாத்தாவின் பத்திரத்தை முன்னே வைத்துப் பார்த்து எழுதினேன். "கருமான் பட்டறைக்கு மேற்கு" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதப் போனபோது என் தந்தை தடுத்தார். "பட்டறைன்னு எழுதினா நாளைக்கு மனை விலை போகாது. அது புறம்போக்குதானே, அப்படியே எழுது." அவர் சொன்னதில் பொய் இல்லை. அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்குதான். உண்மையான ஒரு சொல்லை வைத்தே இன்னோர் உண்மையை அழிக்க முடியும் என்று அன்று எனக்குத் தெரியாது. எழுதினேன். எழுதும்போது பட்டறையிலிருந்து சம்மட்டிச் சத்தம் எங்கள் திண்ணை வரை கேட்டுக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பேரன் என்னைத் தேடி வந்ததற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஜனவரி 23 அன்று, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழகத்து இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை முதலமைச்சர் வெளியிட்டிருந்தார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக அறிவித்தார்கள். லக்னோ, அகமதாபாத், அமெரிக்கா என்று வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்த காலம் அது. நான் நெஞ்சு நிமிர்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். பெருமையில் எனக்கும் பங்கு இருப்பதாகவே உணர்ந்தேன். ஐயாயிரம் ஆண்டு இரும்புக்குச் சான்று தேட முடிந்த நாம், அறுபது எழுபது ஆண்டுகளாக ஊர் நடுவில் எரிந்த ஓர் உலைக்குச் சான்று காட்ட முடியாமல் நிற்கிறோம் என்று சில வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

மார்ச்சில் இருவருமாக ஊருக்குப் போனோம். தகரக் கொட்டகைக்குப் பின்னால், பூவரசு நின்ற இடத்தில், பேரன் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டினார். கறுத்த மண், கரித்துண்டுகள், அதற்குக் கீழே தேன்கூட்டைப் போல ஓட்டைகள் விழுந்த, எதிர்பார்த்ததை விடக் கனமான இரும்புக் கிட்டம் (உலையில் தங்கும் கசடு), கைநிறைய. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலை இருந்ததைத் தொல்லியலாளர்கள் அறிந்துகொண்டதில் இந்தக் கிட்டத்துக்கும் பங்கு உண்டு. பேரன் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இத எடுத்துட்டுப் போனா ஒத்துக்குவாங்களாண்ணா?" என்று கேட்டார். கேள்வியில் உண்மையான நம்பிக்கை இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1957 பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அவருடைய மனு இன்னும் முடிவாகவில்லை.

இந்த ஆவணியில் அந்த மனையை என் மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இம்முறையும் வரைவை என் கையாலேயே எழுதினேன். கிழக்கு எல்லையைப் படித்த பத்திர எழுத்தர், பதிவேட்டில் உள்ளதற்கு மேல் எதுவும் தேவையில்லை, சர்வே எண் போதும் என்றார். சர்வே எண்ணும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்றேன். இரண்டு முறை கேட்டுவிட்டு அவர் அப்படியே தட்டச்சு செய்தார்: "அரசுப் புறம்போக்கில் 1957ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே அமைந்துள்ள கருமான் பட்டறைக்கு மேற்கு."